வெயிலூரில் ஹீட்டர்

ஹீட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டு ஆரணியில் யாரும் பட்டறைக்கு வண்டி கொண்டுவருவதில்லை. கமண்டல நாகநதி பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஊர் அது. மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். காரின் டேஷ்போர்டில் நீலமும் சிவப்பும் போட்ட ஒரு திருகு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சிவப்புப் பக்கம் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

பட்டறைக்கு வருகிற புகார்கள் வேறு மாதிரி. "ஏசி கூலிங்கே பத்தலண்ணா." "மலை ஏறுனா முள்ளு மேல போவுது." "முன் சீட்டுக்குக் கீழ மேட்டு நனையுது." "மழை பெஞ்சா கண்ணாடி மங்கிப்போவுது, ரோடே தெரியல." "மைலேஜ் குறைஞ்சுபோச்சு." இந்த ஐந்தில் ஒன்றுகூட ஹீட்டரைப் பற்றியதாகக் காதில் விழாது. ஐந்துக்கும் ஹீட்டரோ அது சேர்ந்திருக்கும் தண்ணீர்ச் சுற்றோ காரணமாக இருக்கலாம்.

குளிர்நாட்டில் ஹீட்டர் பழுதானால் அன்று காலையிலேயே விரல் விறைத்துத் தெரிந்துவிடும். வெயிலூரில் அது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். அதற்குள் ஏசிக்கு இரண்டு தடவை கேஸ் போட்டிருப்பார்கள். எஞ்சின் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார்கள். ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து, "நம்ம ஊருக்கு இது எதுக்குண்ணா" என்று சொல்லியிருப்பார்கள். நான் இந்த அத்தியாயத்தில் வாதாடப்போவது அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எதிராகத்தான்.

பெட்ரோல் காரிலும் டீசல் காரிலும் ஹீட்டருக்கென்று தனியாக எதுவும் எரிவதில்லை. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் வண்டியை நகர்த்தப் பயன்படுவது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். மற்றதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பாதி புகையோடு சைலன்சர் வழியாகப் போகிறது. இன்னொரு பாதியில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் இறங்குகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆரணியிலிருந்து வேலூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 4 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் வீதம் 128 மெகாஜூல். அதை 3600 வினாடிகளால் வகுத்தால் ஏறக்குறைய 35 கிலோவாட். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டுக்கு என்றால் 12 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர்கள் ஆறு ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு, எந்நேரமும் அந்தத் தண்ணீரில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவது முன்பக்கத்து ரேடியேட்டர். அதன் தம்பியாக இன்னொரு ரேடியேட்டர் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். இரண்டு கை அகலம்கூட இருக்காது. ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தட்டைக் குழாய்கள், அவற்றுக்கு நடுவே மடித்து மடித்து வைத்த அலுமினியத் தகடுகள். நம் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்கிற பம்ப், சூடான கூலன்ட்டை ஒரு ஹோஸ் வழியே அதற்குள் தள்ளி, இன்னொரு ஹோஸ் வழியே திரும்ப இழுக்கிறது. ப்ளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது. காற்று சூடாகி உள்ளே வருகிறது. அமைப்பு இவ்வளவுதான்.

இந்த எளிய ஏற்பாட்டுக்கு வர மனிதர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. 1893 நவம்பரில் மார்கரெட் வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வாகன ஹீட்டர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் காருக்காக என்று பலரும் எழுதுகிறார்கள். அது ரயில் பெட்டிக்கானது. பிறகு வந்த மோட்டார் கார்களில் புகைக்குழாயின் சூட்டைத் தொட்டு வரும் காற்றை உள்ளே விட்டார்கள். தண்ணீரே இல்லாமல் காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கடைசிவரை அந்த வழியைத்தான் பின்பற்றியது. அதில் உள்ள ஆபத்து பெரிது: புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக மூக்குக்கு வரும். நாஷ் நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாடல்களில் வெளிக்காற்றை இழுத்து, சூடான கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர் வழியாக ஊதி உள்ளே அனுப்பியது. இன்றைக்கு நம் கார்களில் இருப்பது அதன் வழிவந்ததே.

இனி, பழுது பார்ப்பது. ஹீட்டர் போட்டால் சூடு வரவில்லை என்றால் டேஷ்போர்டைக் கழற்ற ஓடக் கூடாது. முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது அந்தத் தண்ணீர். மூடி திறந்த கணமே அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

அளவு சரி என்றால் எஞ்சினை 15 நிமிடம் ஓடவிட்டு, திருகை முழுச் சிவப்புக்கு வைத்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் உட்பக்கத்துக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவரில் நுழையும் இரண்டு ஹோஸ்களைத் தேடுங்கள். ரேடியேட்டர் விசிறி எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். வேட்டி நுனி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. டெம்பரேச்சர் கன் இருந்தால் இரண்டு ஹோஸின் ரப்பர் பரப்பையும் அளந்துகொள்ளுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அந்தக் கருவியைக் காட்டினால் பொய் சொல்லும், ஏனெனில் பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளியிடும். கறுப்பு ரப்பர் உண்மை சொல்லும். கருவி இல்லையென்றால் துணி சுற்றிய கையால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தாலே போதும்.

இந்தச் சோதனையில் மூன்றே பதில்கள் உண்டு. இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீர்ப் பக்கம் பழுதில்லை; பழுது காற்றுப் பக்கம். இரண்டும் வெதுவெதுப்பாகவோ சில்லென்றோ இருந்தால் சூடான தண்ணீர் அங்கே வரவே இல்லை. ஒன்று கொதிக்க, மற்றொன்று ஆறிக் கிடந்தால் கோர் அடைத்திருக்கிறது.

மூன்றாவது பதிலில் பலர் தடுமாறுவார்கள். உள்ளே போகும்போது 85 டிகிரி, வெளியே வரும்போது 45 டிகிரி என்றால் கோர் நன்றாக வெப்பத்தைப் பிடுங்கிக் கொடுக்கிறது என்றுதானே அர்த்தம்? கணக்கு வேறு சொல்கிறது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஆறும்போது 4.2 கிலோஜூல் வெப்பம் தரும். ஒழுங்கான கோரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடுகிறது, அதாவது வினாடிக்கு 100 கிராம். அது 10 டிகிரி மட்டும் ஆறி வெளியே வந்தாலும் கிடைப்பது 4.2 கிலோவாட். அடைத்த கோரில் வினாடிக்கு 10 கிராம்தான் கசிந்து போகிறது. அது 40 டிகிரி ஆறினாலும் கிடைப்பது 1.7 கிலோவாட்டுக்குள். வெப்பத்தைத் தீர்மானிப்பது இறங்கிய டிகிரி மட்டும் அல்ல, ஓடிய தண்ணீரின் அளவும் சேர்ந்தே. நோயாளியின் சூட்டை மட்டும் பார்த்து நாடியை விட்டுவிடுகிற வைத்தியர் இங்கே ஏமாந்துபோவார்.

கோர் ஏன் அடைக்கிறது என்பதற்கு ஆரணியில் நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள்: சாயப்பட்டறைக்காரர்கள். கர்நாடகத்திலிருந்து வரும் கோறாப் பட்டு அப்படியே தறிக்குப் போகாது. இழையைச் சுற்றி செரிசின் என்ற பசைப் புரதம் இருக்கும். எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதுதான். சோப்பும் சோடாவும் கலந்த, கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்த பிறகுதான் பட்டு மின்னும், சாயம் பிடிக்கும். இந்த வேலைக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஆகும், எந்த போர் தண்ணீர் ஆகாது என்று சாயக்காரருக்குத் தெரியும். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, அழுக்குப் படலமாக இழையில் ஒட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். பாதி முடிந்த முகூர்த்தச் சேலைக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

நூலுக்கு ஆகாத தண்ணீரை ரேடியேட்டருக்கு மட்டும் ஊற்றலாமா? கடின நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புப் படிவாகக் குழாயின் சுவரில் உட்காரும். சமையலறையில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே பொருள். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் கடத்தும். ஒரு தடவை ஊற்றிய 5 லிட்டரால் பெரிய கேடு வராது. கேடு வருவது, எங்கோ ஒழுகும் வண்டிக்கு வாரத்துக்கு அரை லிட்டர் போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதால்தான். லிட்டருக்கு அரை கிராம் கடினத்தன்மை என்று எடுத்துக்கொண்டால் (குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் வேறு வழியில்லாத இடத்தில் 0.6 கிராம் வரை அனுமதிக்கிறது) ஒரு வருடத்தில் 13 கிராம் சுண்ணாம்புச் சரக்கு அந்தச் சுற்றுக்குள் போய்ச் சேர்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் குழாய்களுக்கு அது தாங்காது. துருவும் சேர்ந்துகொண்டால் சேறு மாதிரி இறுகிவிடும்.

கூலன்ட் நமக்குத் தேவையில்லை, பனி உறையும் ஊருக்குத்தான் தேவை என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதில் கலந்திருக்கும் துருத்தடுப்புப் பொருள்கள் அலுமினியத்தையும் இரும்பையும் காக்கின்றன. அதில் கலக்க வேண்டியது அயனி நீக்கிய தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர். உறைதலும் நமக்குச் சம்பந்தமில்லாததல்ல. நாமக்கல், சங்ககிரி லாரிகள் டிசம்பரிலும் வடக்கே போகின்றன. தண்ணீர் உறைந்தால் கன அளவு 9 சதவீதம் கூடும், எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும்.

அடைத்த கோரைக் கழற்றாமலே இரண்டு ஹோஸ்களையும் பிடுங்கி, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வெளியே வரும் தண்ணீர் முதலில் காப்பி நிறமாக வரும். தெளியும்வரை விட வேண்டும். சிட்ரிக் அமிலத்தின் மெல்லிய கரைசலைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துக் கழுவினால் சுண்ணாம்பு கரையும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். பழைய கார்களில் செம்பும் பித்தளையும் இருந்தன; இன்றைய கோர் அலுமினியம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தைத் தின்னும். காஸ்டிக் சோடாவும் அதைத் தின்னும். சுண்ணாம்போடு கோரும் சேர்ந்து போய்விடும்.

இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாக இருக்கிற நிலைக்கு வருவோம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் கீழேயே கிடக்கிறது, அரை மணி நேரம் ஓடியும் எஞ்சின் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. நம் பக்கத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

அதைக் கழற்றிக் கையில் எடுத்தால் சாதாரணப் பொருளாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டத் தகடு, நடுவே ஸ்பிரிங், அதற்குள் பித்தளைக் குப்பி. குப்பிக்குள் மெழுகு. தகட்டின் ஓரத்தில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். திறக்கத் தொடங்கும் வெப்பநிலை அது. இந்த மெழுகு முறையை 1930களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே. இனி சமையலுக்கு எடுக்காத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துச் சூடாக்குங்கள். 60 டிகிரியில் அசைவு இருக்காது. 75இலும் இருக்காது. 82ஐ நெருங்கும்போது மூடியின் ஓரத்தில் முடி அளவு கறுப்புக் கோடு தெரியும். அதன் வழியே சின்னக் குமிழி ஒன்று ஏறும். மெழுகு உருகிப் பருத்து, குப்பிக்குள் இருக்கும் தண்டை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் மூடி முழுதாக, சுமார் 8 மில்லிமீட்டர் திறந்து நிற்கும். அடுப்பை அணைத்தால் ஸ்பிரிங் மெல்ல மூடும். மின்சாரமோ கணினியோ இல்லாமல் லட்சக்கணக்கான தடவை இந்த வேலையைச் செய்யும் பொருளைக் குப்பையில் போடுகிறோம் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

"வால்வ எடுத்துட்டா ஹீட்டே ஆவாதுண்ணா" என்ற பட்டறை நம்பிக்கை பாதிதான் சரி. வெறும் சாலையில் எஞ்சின் 60, 65 டிகிரியிலேயே ஓடும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு, குளிர்ந்த எஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் போனது இப்படித்தான். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். பி.எஸ். 6 வண்டிகளில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்து எஞ்சின் விளக்கு எரியும்: எஞ்சின் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டின் செய்தி. சில எஞ்சின்களில் விளைவு நேர்மாறாகவும் போகும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்பக்கம் இன்னொரு குறுக்கு வழியை மூடும் அமைப்பு அவற்றில் உண்டு. வால்வை எடுத்துவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். மலையில் வண்டி கொதிக்கும்.

முள் சரியான இடத்தில் நிற்கிறது, ஆனால் ஹோஸ் சூடாகவில்லை. அல்லது ஆக்சிலேட்டரை மிதித்தால் சூடு வருகிறது, விட்டால் போய்விடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம் கேட்கிறது. இது ஏர் லாக். பல கார்களில் கோர் உயரமான இடத்தில் இருப்பதால் காற்றுக் குமிழி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டியின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, கூலன்ட்டை மெதுவாக நிரப்பினால் போய்விடும். போன பிறகும் வாரம் ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்பட வேண்டும். சிலிண்டரிலிருந்து எரிந்த புகை ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீருக்குள் வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு ஒரு சோதனை உண்டு; சாயம் தெரிந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தின் வழியே ரேடியேட்டர் வாய்க் காற்றை உறிஞ்சுவார்கள். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

இரண்டு ஹோஸும் சூடு, உள்ளே காற்று மட்டும் சூடில்லை என்ற முதல் பதிலுக்கு இப்போதுதான் வருகிறேன். ஆரணிக்கு முக்கியமான பகுதி இதுதான், ஏனெனில் ஏசிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. பெரும்பாலான இன்றைய கார்களில் கோருக்குள் கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், மே மாதத்திலும். ஏசியின் குளிர்ச்சுருள் இருக்கும் அதே பெட்டிக்குள், சில சென்டிமீட்டர் தள்ளி, 85 டிகிரியில் கோர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதவு. நீலமும் சிவப்புமாக நீங்கள் திருப்பும் திருகு அந்தக் கதவைத்தான் கேபிளாலோ சின்ன மோட்டாராலோ அசைக்கிறது. கேபிள் கழன்றாலோ, மோட்டாரின் பல் உடைந்தாலோ, கதவின் ஓரத்து ஸ்பாஞ்சு பொடிந்து உதிர்ந்தாலோ கதவு முழுதாக மூடாது. குளிர்ச்சுருளைத் தாண்டி 8 டிகிரியில் வரும் காற்றில் பத்தில் ஒரு பங்கு கோர் வழியே போய் 70 டிகிரியாகி வந்து கலந்தால் முகத்தில் படும் காற்று 14 டிகிரி. கேஸ் சரியாக இருக்கும், கம்ப்ரசர் சரியாக இருக்கும், உள்ளே உட்கார்ந்தவருக்கு வேர்க்கும்.

ஆகவே அடுத்த முறை கேஸ் போடுவதற்கு முன் ஒரு சோதனை கேளுங்கள். ஏசி வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்து, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை வழவழப்பான வாயுள்ள கிளாம்ப்பால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். வென்ட்டுக் காற்று சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் குற்றவாளி ஏசி இல்லை. பழைய, வெடிப்பு விட்ட ஹோஸில் இதைச் செய்யக் கூடாது.

காற்றே வரவில்லை என்றால் ப்ளோயரின் பியூஸ், ரிலே, எர்த் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. உச்ச வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே போவதால் அது மட்டும் பிழைத்திருக்கிறது. ரெசிஸ்டரைக் குளிர்விப்பது ப்ளோயரின் காற்றுதான் என்பதால், ஃபில்டரில் வேப்பிலையும் புளியஞ்சருகும் அடைத்தால் புதிதாகப் போட்டதும் எரியும். நெல் விளையும் சுற்றுவட்டாரம் இது. எலி வயரைக் கடிப்பதும் ப்ளோயருக்குள் கூடு கட்டுவதும் அன்றாடம்.

முன் சீட்டுக்குக் கீழ் மேட் நனைந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. குச்சி விட்டு எடுத்தால் தீர்ந்தது. பிசுபிசுப்பாக, பச்சையோ இளஞ்சிவப்போ நிறமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கோர் ஒழுகுகிறது. அந்த இனிப்பு நஞ்சு. எத்திலீன் கிளைக்காலை நாயோ குழந்தையோ நக்கினால் சிறுநீரகம் போகும். வடித்த கூலன்ட்டைத் திறந்த பக்கெட்டில் விட்டுவைக்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

ஆரணிக்காரர்கள் ஊருக்குள் மட்டுமே வண்டி ஓட்டுவதில்லை. போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறுகிறார்கள், ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போகிறார்கள், விடியற்காலையில் பெங்களூர் போய்ச் சேர்கிறார்கள். அங்கே மழையில் நாலு பேர் மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும். 15 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் 13 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும்; 30 டிகிரிக் காற்று 30 கிராம் தாங்கும். கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்ததும் மிச்சம் துளியாகிவிடுகிறது. ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஏசி ஈரத்தை வடிக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும், கண்ணாடி தெளியும். துணியால் துடைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் திரும்புவதை நிறுத்துங்கள்.

ஏற்றத்தில் முள் மேலே போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை உச்சத்தில், ப்ளோயரை உச்சத்தில் வைத்து, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். நாலு கிலோவாட்டுக்கு இன்னொரு ரேடியேட்டர் கிடைக்கிறது. ஒதுங்க இடம் கிடைக்கும்வரை அது வண்டியைக் காப்பாற்றலாம். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்காத வண்டிக்கு, 88இல் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே மிஞ்சுவது ஐந்து டிகிரிதான். ஹீட்டர் ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்ட வண்டியில் இந்தக் கடைசி வழியும் இல்லை.

மின்சாரக் கார்களில் வீணாகும் எஞ்சின் வெப்பம் இல்லாததால், பேரியம் டைட்டனேட் பீங்கான் வில்லைகளை மின்சாரத்தால் சூடாக்கியோ வெப்பப் பம்ப் வைத்தோ சமாளிக்கிறார்கள். அவை வேறு அத்தியாயத்துக்கு உரியவை.

பெட்ரோல், டீசல் வண்டி வைத்திருக்கும் வாசகரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். மாதத்துக்கு ஒரு நாள், எஞ்சின் சூடான பிறகு பத்து நிமிடம் ஹீட்டரை முழுச் சூட்டில் ஓட்டிப் பாருங்கள். சூடாக வராவிட்டால் மேலே சொன்ன இரண்டு ஹோஸ்களில் ஆரம்பியுங்கள். அடுத்த சர்வீசுக்கு விடும்போது, "தெர்மோஸ்டாட் இருக்கா, கழட்டியாச்சா?" என்று கேளுங்கள். கழற்றியிருந்தால், உங்கள் எஞ்சினுக்கு உரிய டிகிரி பொறித்த புதியதை வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.